ஒட்டிய கவருக்குள் ஒரு ஆபரேஷன்

முழங்கால் வலி என்று டாக்டரிடம் போகிறீர்கள். எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மூட்டு தேய்ஞ்சிருக்கு" என்கிறார். சின்னதாக மூன்று துளை போட்டு, ஒன்றின் வழியாகக் கேமராவை விட்டு, உள்ளே உதிர்ந்து கிடப்பதையெல்லாம் கழுவியெடுத்து, சொரசொரப்பான இடத்தை வழித்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார். செய்துகொள்கிறீர்கள். வலி குறைந்துவிடுகிறது. இப்போது சொல்லுங்கள், வலியைக் குறைத்தது எது?

"இதிலென்ன சந்தேகம், ஆபரேஷன்தான்" என்பீர்கள். எலும்பு டாக்டர்களில் பெரும்பாலோரும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் துளை வைத்தியத்தின் பூர்வீகம் ஜப்பான். 1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற டாக்டர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு பிணத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். ஏன் முழங்கால்? அந்தக் காலத்தில் காசநோய் முழங்காலைத் தாக்கினால் மூட்டு விறைத்துப்போகும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையிலேயே விருந்தாளியை உபசரிக்கிற ஊரில் கால் மடங்காவிட்டால் பிழைப்பு எப்படி? (பந்தியில் சம்மணம் போட முடியாமல் ஓரமாக நாற்காலி கேட்கிற நம் பெரியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.) நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க உள்ளே எட்டிப் பார்த்தாக வேண்டும். தகாகியின் சீடர் மசாகி வாதனாபே அந்தக் கருவியைச் செம்மைப்படுத்தினார். 1962-ல் கிழிந்துபோன ஜவ்வின் ஒரு பகுதியைத் துளை வழியாகவே வெட்டியும் எடுத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குக் கனடா அணியோடு வந்த ராபர்ட் ஜாக்சன் என்ற டாக்டர், வாதனாபேக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பதிலுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு டொரண்டோ திரும்பினார். அப்புறம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆர்த்ராஸ்கோப்பி என்று பெயர்.

அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கு அது வரப்பிரசாதம்தான், அதில் தகராறே இல்லை. ஆனால் கருவி கையில் இருந்தால் சும்மா இருக்க முடியுமா? வயசானதால் மூட்டு தேய்ந்தவர்களுக்கும் துளை போட ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு ஆறரை லட்சம் ஆபரேஷன். ஒன்றுக்குச் சுமார் 5,000 டாலர். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்காது, பெருக்கிப் பார்த்தேன். 325 கோடி டாலர்! இவ்வளவு பெரிய செலவுக் கணக்கில் எதிர்ப்பக்க வரவை யாரும் தணிக்கை செய்யவில்லை என்பதுதான் விசேஷம்.

தணிக்கை ஹூஸ்டனில் ஆரம்பித்தது. ப்ரூஸ் மோஸ்லி அங்கே பெயர்பெற்ற சர்ஜன். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியின் டாக்டர். முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி செய்ய நினைத்தார். வெறுமனே கழுவிவிடுவது நல்லதா, கழுவி வழித்துவிடுவது நல்லதா? அவ்வளவுதான் அவருடைய கேள்வி. அங்கிருந்த நெல்டா ரே என்ற பெண் டாக்டர் (இவர் கத்தி பிடிப்பவர் அல்ல) குறுக்கே இன்னொரு கேள்வியைப் போட்டார். இரண்டுமே பலன் தராமல், ஆபரேஷன் நடந்தது என்கிற நம்பிக்கையே வலியைக் குறைக்கிறது என்றால்?

மாத்திரை என்றால் இதைச் சோதிப்பது சுலபம். பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெத்து மாத்திரை கொடுத்துவிடலாம். ஆபரேஷனில் வெத்து வேட்டுக்கு எங்கே போவது? முன்மாதிரி இருந்தது. 1959-ல் சியாட்டிலில் லியோனார்ட் காப் என்பவர், நெஞ்சுவலிக்காக அப்போது செய்துகொண்டிருந்த ஒரு ரத்தக்குழாய் ஆபரேஷனை இப்படிச் சோதித்தார். மொத்தம் 17 நோயாளிகள். சிலருக்கு நெஞ்சுத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார். இரு தரப்புக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. அந்த ஆபரேஷன் அத்தோடு வழக்கொழிந்தது.

மோஸ்லி துணிந்தார். தகுதியான 324 பேரிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்கள். உங்களுக்கு நிஜ ஆபரேஷன் நடக்கலாம், பொய் ஆபரேஷனும் நடக்கலாம், எது என்று சொல்ல மாட்டோம். அது புரிந்தது என்று நோயாளியே தன் கைப்பட எழுதித் தர வேண்டும். 144 பேர் 'ஆளை விடுங்க' என்று போய்விட்டார்கள். நீங்களும் நானும் அந்த 144-ல்தான் இருந்திருப்போம். மீதி 180 பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆபரேஷன் தியேட்டர். நோயாளி மேஜைக்கு வந்தாயிற்று. அப்போதுதான் ஒட்டிய கவர் மோஸ்லி கைக்கு வரும். பிரித்தால் மூன்றில் ஒன்று இருக்கும். கழுவு, கழுவி வழி, அல்லது நடி.

'நடி' என்று வந்தால், மயக்க மருந்தின் ஆபத்து வேண்டாம் என்று லேசாகத் தூங்கவைக்கும் ஊசி மட்டும். தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மூன்று கீறல். உள்ளே எதுவும் போகாது. ஆனால் மோஸ்லி ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குவார். காலை மடக்குவார், நீட்டுவார். நோயாளி அரைத் தூக்கத்தில் இருந்தாலும் சந்தேகம் வரக்கூடாதே, அதற்காகச் சலைன் தண்ணீரைச் சளசளவென்று கொட்டிக் கழுவுகிற சத்தம்கூட எழுப்பினார்கள். நிஜ ஆபரேஷனுக்கு ஆகிற நேரம் முழுக்க ஆளைத் தியேட்டரிலேயே வைத்திருந்தார்கள். ராத்திரி வார்டில் கவனித்துக்கொண்ட நர்ஸுகளுக்கும் யார் நிஜம், யார் பொய் என்று தெரியாது.

இரண்டு வருஷம் அவர்களைத் தொடர்ந்து விசாரித்தார்கள். வலி எப்படி? நடக்க முடிகிறதா? மாடிப்படி ஏற எவ்வளவு நேரம்? 2002 ஜூலையில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பத்திரிகையில் முடிவு வந்தது. நூற்றுக்கு எத்தனை வலி என்ற கணக்கில், இரண்டு வருஷம் கழித்துக் கழுவியவர்களுக்கு 53.7. கழுவி வழித்தவர்களுக்கு 51.4. ஒன்றுமே செய்துகொள்ளாதவர்களுக்கு 51.6. எந்தக் கட்டத்திலும் நிஜ ஆபரேஷன் பொய்யை ஜெயிக்கவில்லை.

நம்பிக்கை மட்டுமே காரணம் என்று அவசரப்பட வேண்டாம். வலிக்கும் ஷேர் மார்க்கெட் மாதிரி ஏற்ற இறக்கம் உண்டு. உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் ஓடுவோம். அப்புறம் அது தானாகவும் இறங்கும், பெயரை அன்றைக்கு யார் வைத்தியம் பார்த்தாரோ அவர் தட்டிக்கொண்டு போவார். இதில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, தானாகத் தணிந்தது எவ்வளவு என்று இந்த ஆராய்ச்சி பிரித்துச் சொல்லவில்லை.

சர்ஜன்கள் கொந்தளித்தார்கள். எல்லாம் ஒரே சர்ஜன் செய்தது, நோயாளிகளும் பெரும்பாலும் ஆண்கள் என்றார்கள். நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் கனடாவில் அலெக்ஸாண்ட்ரா கிர்க்லி என்ற சர்ஜன் ஆரம்பித்த தனி ஆராய்ச்சியும் 2008-ல் அதையே சொன்னது. உடற்பயிற்சி, மாத்திரையோடு ஆபரேஷனும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பார்க்க கிர்க்லி இல்லை. 2002-ல் விமான விபத்தில் இறந்துபோனார்.

அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேர், 2004-ல் வெறும் தேய்மானத்துக்கான இந்த ஆபரேஷனுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. துளை போடுவது நின்றதா? பெயர் மாறியது. தேய்மானத்துக்குப் பதில் 'ஜவ்வு கிழிந்திருக்கிறது'. 1996-க்கும் 2006-க்கும் இடையில் அமெரிக்காவில் முழங்கால் ஆர்த்ராஸ்கோப்பிகள் மொத்தமாக 49 சதவீதம் கூடியிருந்தன. எம்.ஆர்.ஐ. எடுத்தால் கிழிசல் பளிச்சென்று தெரிகிறதே, இதை எப்படி மறுப்பது?

அந்தக் கிழிசலுக்கும் 2008-ல் ஒரு கணக்கு வந்தது. மாசசூசெட்ஸில் உள்ள ஃப்ராமிங்காம் ஊரில் ஐம்பது வயது தாண்டிய 991 பேருக்கு, வலி உண்டா இல்லையா என்று பார்க்காமல் முழங்காலைப் படம்பிடித்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் எந்தத் தொந்தரவும் கிடையாது. ஆக, ரிப்போர்ட்டில் 'டியர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. வயசானால் தலைமுடி நரைக்கிற மாதிரி ஜவ்வும் நைகிறது. ஒன்றை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே விழுந்து, பந்து ஆடித் திருகிக் கிழித்துக்கொண்ட இளவட்டங்கள், மடக்கிய கால் நீட்ட வராமல் அப்படியே பூட்டிக்கொள்கிறவர்கள், இவர்கள் வழக்கு வேறு. மூட்டையே மாற்றுகிற ஆபரேஷனும் வேறு. அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.

2017-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' கூட்டிய குழு, தேய்மானத்தால் வருகிற முழங்கால் வலிக்கு ஏறக்குறைய யாருக்குமே துளை ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. அப்போது உலகத்தில் வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேல் நடந்துகொண்டிருந்தது. பதிலாக என்ன செய்வதாம்? தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு. ஒரு கிலோ குறைத்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். என்ன, இதற்குத் தியேட்டர் கிடையாது, பில்லும் பெரிசாக வராது.

இதற்கு நடுவே, 2013-ல், ஃபின்லாந்துக்காரர்கள் அந்தக் கிழிந்த ஜவ்வையும் விடவில்லை. தேய்மானம் இல்லாத, ஆனால் நாளாவட்டத்தில் ஜவ்வு நைந்து கிழிந்த 146 பேர். எல்லோருக்கும் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிறகு மோஸ்லி செய்தது போலவே கவர். 70 பேருக்கு ஜவ்வை வெட்டிச் சீராக்கினார்கள். 76 பேருக்கு வெட்டுகிற கருவியைப் பிளேடு இல்லாமல் ஓடவிட்டு, முழங்கால் சில்லுக்கு மேலே வைத்து அழுத்தியதோடு சரி. ஒரு வருஷம் கழித்து இரு தரப்புக்கும் வலி ஒரே மாதிரி குறைந்திருந்தது. தேவைப்பட்டால் இதே ஆபரேஷனை மறுபடி செய்துகொள்வீர்களா என்று கேட்டார்கள். ஜவ்வை நிஜமாகவே வெட்டிக்கொண்டவர்களில் 93 சதவீதம் பேர் தயார் என்றார்கள். வெட்டாமல் விடப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர்.