ஆறும் ஒன்றும்: பட்ரே ஆய்வின் விரையிறக்கக் கணக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளும்

காசர்கோடு மாவட்டம் பட்ரே கிராமத்துச் சிறுவர்களைச் சோதித்து அகமதாபாத் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தார் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பருவமடைதல் தாமதமும் டெஸ்டோஸ்டிரோன் குறைவும் மட்டுமே இதுவரை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அதில் மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. விரை இறங்கும் வழியோடு தொடர்புடைய மூன்று பிறவிக் குறைகள், அதாவது இறங்காத விரை, ஓதம், பிறவிக் குடலிறக்கம் ஆகியவை, எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்ட ஊரில் 5.1 விழுக்காட்டினரிடமும் ஒப்பீட்டு ஊரில் 1.1 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று என ஆசிரியர்களே குறித்துள்ளனர். பின்வந்த ஆய்வாளர் ஒரு சாரார் அந்தக் குறிப்பையே தீர்ப்பாக்கிவிட்டனர். விரையிறக்கத்துக்கும் பூச்சிமருந்துக்கும் தொடர்பில்லை என்பது அவர்களது முதல் முடிவு. ஹெலிகாப்டர் தெளிப்பே நடவாத, தமிழகத்தை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இக்கேள்விக்கு இடமே இல்லை என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஏற்க முடியாது.

முதலில் எண்களைப் பார்ப்போம். பட்ரேயில் சோதிக்கப்பட்டோர் 117 பேர்; ஒப்பீட்டு ஊரில் 90 பேர். விழுக்காட்டைத் தலைக்கணக்காக மாற்றினால் ஒரு பக்கம் 6 சிறுவர், மறுபக்கம் 1 சிறுவன். ஃபிஷர் முறையில் கணக்கிட்டால் தற்செயலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 0.14 வருகிறது. வாய்ப்பு விகிதம் 4.8, அதன் 95 விழுக்காட்டு நம்பக வரம்போ 0.6 முதல் 41 வரை நீள்கிறது. தீங்கே இல்லை என்பதற்கும் நாற்பது மடங்குத் தீங்கு என்பதற்கும் ஒருசேர இடம் தரும் கணக்கு எதையும் மறுத்ததாகாது. இதே அளவு வேறுபாட்டை 80 விழுக்காடு உறுதியோடு கண்டறிய ஒவ்வோர் ஊரிலும் ஏறக்குறைய 300 சிறுவர் வேண்டும். அந்த ஆய்வு இதற்கென்று வகுக்கப்பட்டதே அன்று.

ஒப்பீட்டு ஊரின் நிலையையும் கவனிக்க வேண்டும். பட்ரேச் சிறுவரில் 78 விழுக்காட்டினர் இரத்தத்தில் எண்டோசல்ஃபான் இருந்தது. ஒப்பீட்டு ஊரிலும் 29 விழுக்காட்டினரிடம் இருந்தது. இரு பக்கமும் நஞ்சு கலந்திருக்கையில் உண்மையான வேறுபாடு சுருங்கித்தான் தெரியும். இந்தப் பிழை தொடர்பின்மையின் பக்கமே சாயும். இரத்தம் எடுக்கப்பட்டதோ கடைசித் தெளிப்புக்குச் சுமார் 10 மாதங்களுக்குப் பிறகு. அந்த அளவு கருவறைக்காலத்தைக் காட்டாது என்பது நியாயமான ஐயமே. ஆனால் 2001-இல் 10 முதல் 19 வயதாயிருந்த சிறுவர் அனைவரும் 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் கருவானவர்கள். முந்திரித் தோட்டங்களின் மேல் தெளிப்பு 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை நடந்தது. ஆகவே அவர்கள் கருவிலிருந்த காலம் முழுவதும் தெளிப்புக் காலத்துக்குள்ளேயே அடங்குகிறது.

என்னை இந்த வாசிப்புக்கு இட்டுச்செல்லும் முதன்மைச் சான்று உடலியலில் இருக்கிறது. விரை இரு கட்டங்களாக இறங்குகிறது. கருவின் 8 முதல் 15 வாரங்களில் வயிற்றுக்குள் நிகழும் நகர்வை ஐஎன்எஸ்எல்-3 என்னும் இயக்குநீர் நடத்துகிறது. 25 முதல் 35 வாரங்களில் கவட்டு வழியாக விரைப்பைக்கு வந்துசேர டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். இரண்டையும் சுரப்பவை விரையின் லேடிக் செல்களே. பட்ரேச் சிறுவரிடம் மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்ஹெச் தூண்டலுக்கு ஏற்ற அளவில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கவில்லை. அதுவும் லேடிக் செல்களின் தளர்ச்சியையே காட்டுகிறது. ஒரே ஆய்வின் ஒரு முடிவை ஏற்று, அதே செல்லைச் சுட்டும் இன்னொரு முடிவைத் தள்ளுவதற்கு வலுவான காரணம் வேண்டும். ஆள்தொகைக் குறைவு அத்தகைய காரணம் ஆகாது.

பூச்சிமருந்தே காரணம் என்று அடித்துச் சொல்வோரின் மிகைக்கூற்றுக்கும் இங்கு ஆதாரம் இல்லை. அந்த ஆறு பேரில் விரை இறங்காதவர் எத்தனை பேர் என்பது தொகுப்பு எண்ணிலிருந்து தெரியாது. மூன்று குறைகளையும் ஒன்றாகக் கூட்டியது கருவியல் நோக்கில் தகும். ஆனால் ஆறு பேரையும் விரை இறங்காதவர் என எழுதுவது தகாது. நிறைமாதக் குழந்தைகளில் பிறப்பின்போது சுமார் 3 விழுக்காட்டினருக்கு விரை இறங்காக் குறை இருக்கிறது. பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தானே சரியாகி, ஓராண்டில் 1 விழுக்காடாகக் குறைகிறது. பத்து வயதுக்கு மேல் சோதிப்பவர் மிச்சத்தை மட்டுமே எண்ணுகிறார்.

இனி எல்லைப் பகுதிக்கு வருவோம். தெளிப்பு வானிலிருந்து வந்தால்தான் கரு பாதிக்கப்படும் என்ற எண்ணத்தை டென்மார்க்கின் கண்ணாடிக்கூடத் தோட்டங்களில் நடந்த 2008 ஆய்வு தகர்க்கிறது. பூச்சிமருந்து புழங்கும் அந்தத் தோட்டங்களில் கருவுற்றிருந்தபோது வேலைசெய்த பெண்களின் மகன்களில் 6.2 விழுக்காட்டினருக்கு மூன்று மாத வயதில் விரை இறங்கியிருக்கவில்லை. கோபன்ஹேகன் நகரக் குழந்தைகளில் இது 1.9 விழுக்காடே. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் உடம்புக்கும் மருந்துக்கும் உள்ள இடைவெளி இன்னும் குறைவு. ஏலத்தின் சரம் செடியின் அடியிலிருந்து தரையோடு படர்வதால் மருந்து தூரைப் பார்த்தே அடிக்கப்படுகிறது. காய் எடுக்கும் பெண் அதே தூரில் குனிந்து, சரத்தைக் கையால் விலக்கிக் காய் பறிக்கிறாள். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியலில் ஜீப்பில் மலையேறுபவர்களில் கருவுற்ற பெண்களும் உண்டு. பாலக்காட்டு முதலமடை மாந்தோப்புகளிலும் மருந்து அடிக்கப்படுவது மனிதர் நடமாடும் உயரத்தில்தான். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே 13-இல் தடுத்தது உண்மை. தோட்டத்தில் மருந்தடிப்பு அதோடு நின்றுவிடவில்லை.

இப்பகுதியிலிருந்து புள்ளிவிவரம் வரவில்லை என்பதை நோய் இல்லாமைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். வேலை கேரளத்தில், பிரசவம் தேனி மாவட்டத்தில் என்றால் தாயின் தொழிலும் குழந்தையின் பிறப்புக் குறிப்பும் இரு மாநிலப் பதிவேடுகளில் பிரிந்துகிடக்கும். தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் பெயர் சொல்லித் தேடும் ஒன்பது பிறவிக் குறைகளில் உதட்டுப் பிளவும் வளைபாதமும் உண்டு. இறங்காத விரை இல்லை. தேடச் சொல்லாத ஒன்று ஏட்டில் ஏறாது.

விரை இறங்காமைக்குப் பிறப்பு எடைக் குறைவும் குறைமாதப் பிரசவமுமே காரணம் என்பர் சிலர். எடையையும் மாதத்தையும் சேர்த்துக் குறித்தால் அந்த ஐயம் தீரும். உறவுத் திருமணம் என்ற பதில், ஆதாரம் காட்டும்வரை வெறும் ஊகமே.

வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கதகதப்பான அறையில், சூடேற்றிய கையால், கவட்டிலிருந்து கீழ்நோக்கி விரலால் நீவிப் பார்த்தால் போதும். மேலேறி இறங்கும் விரையும் இறங்காத விரையும் பிரிந்து தெரியும். பிறந்தபோதும் மூன்றாம் மாதத் தடுப்பூசி வேளையிலும் இதைச் செய்து, தாய் எந்தத் தோட்டத்தில் எந்த மாதம்வரை வேலைசெய்தாள் என்பதை அருகிலேயே குறிக்க வேண்டும். தேனி, இடுக்கி, கோவை, பாலக்காடு ஆகிய நான்கு மாவட்டங்களும் ஒரே படிவத்தைக் கையாண்டால், பட்ரேயில் கிடைக்காத ஆள்தொகை இங்கே கிடைக்கும். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைக்குப் பதினெட்டு மாதத்துக்குள் அறுவை செய்து பிற்காலக் குழந்தைப்பேறின்மையின் அபாயத்தையும் புற்றுநோயின் அபாயத்தையும் குறைக்க முடியும். ஆய்வு எந்தப் பக்கம் முடிந்தாலும் அந்தக் குழந்தைக்கு நன்மை உறுதி. எனவே முழுச் சான்று வரட்டும் என்று சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு அறிவியல் நியாயமும் இல்லை, அறநியாயமும் இல்லை.