பழைய எச்எம்டி வாட்சை ரிப்பேர் பண்ணலாமா?

ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து கிளம்பிப் போன தமிழ்க் குடும்பங்களில் பலபேர் வீட்டு பீரோவில் நின்றுபோன எச்எம்டி வாட்ச் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். என்னிடமும் அப்பாவுடைய ஜனதா இருக்கிறது. இங்கே வாட்ச் கடையில் காட்டினால், ரிப்பேர் செலவில் புதுசே வாங்கிவிடலாம் என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் இதில் கொஞ்சம் சரித்திரமும் சேர்த்துப் பார்க்கணும்.

ஜாலஹள்ளியில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953-ல் ஆரம்பித்தபோது வாட்ச் பேச்சே இல்லை. லேத் மாதிரி, இயந்திரம் செய்கிற இயந்திரங்களைச் செய்யத்தான் அது வந்தது. வாட்ச் வந்தது 1961-ல், ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட்டுறவோடு. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. அப்புறம் பல வருஷம், மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றால் எச்எம்டிதான். காஞ்சன் மாடலுக்கு இருந்த மவுசைப் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள் :-)

ஜனதா, பைலட் எல்லாம் சாவி கொடுக்கிற வாட்ச். பேட்டரி, சர்க்யூட் எதுவும் கிடையாது. ஸ்பிரிங், பல்சக்கரங்கள், பேலன்ஸ் வீல், தேய்மானத்தைக் குறைக்க 17 கற்கள், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகிவிடும். பாதி வாட்சுகள் 'செத்துப்போனது' இப்படித்தான். பிரித்துக் கழுவி எண்ணெய் வைத்தால் ஓடும். ஏதாவது உடைந்திருந்தாலும், அதே மாடலில் இன்னொரு பழைய வாட்சிலிருந்து கழற்றிப் போடலாம். ஒரே மாதிரி ஏராளமாகச் செய்ததில் இது ஒரு லாபம்.

குவார்ட்ஸ் எச்எம்டி என்றால் கதை வேற. சர்க்யூட் போனால் அதே பாகத்தைத் தேடி அலைய வேண்டியதுதான்.

எச்எம்டி விழுந்ததும் இந்தக் குவார்ட்ஸ் விஷயத்தில்தான். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், பக்கத்து ஓசூரில் குவார்ட்ஸை நம்பி இறங்கியது. எச்எம்டியும் குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை, ஆனால் மனசு சாவி வாட்சிலேயே இருந்தது. நஷ்டம் மேல் நஷ்டம். கடைசியில், இதை இனி ரிப்பேர் பண்ணலாமா என்ற கேள்வி அரசாங்கத்துக்கே வந்தது. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கம்பெனிக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகவே இருக்கலாம். அதையே வீட்டு வாட்சுக்கும் சொல்லிவிட முடியாது.

கம்பெனி மூடுகிற செய்தி வந்ததும் பழைய மாடல்களைச் சேர்க்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். கூடவே, புது பெயிண்ட் அடித்த டயலோடு 'ஒரிஜினல் பைலட்' விற்கிறவர்களும். அதனால் ஒரு வேண்டுகோள்: டயல் மங்கலாக இருந்தாலும், ரிப்பேர்காரர் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது வாட்சை எடுத்துப் போய், முதலில் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருந்தால் விட்டுவிடலாம். துரு இல்லையென்றால் தாராளமாகச் செலவழிக்கலாம்.