கடலுக்கடியில் ஹிஜ்ரி 1113

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் பிள்ளைகள் இப்போது ஒரு வகை வீடியோவை விடாமல் பார்க்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரர் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மெட்டல் டிடெக்டரை அசைப்பார். சத்தம் வரும். மண்ணைக் கிளறினால் மோதிரமோ காசோ கையில் ஏறும். ரயில் பாதையைத் தாண்டினால் நமக்கும் கடல்தானே, ஒரு மெஷின் வாங்கினால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது.

கிரிந்தைக்கு அப்பால் தென்கிழக்குக் கடலில் கிரேட் பாஸஸ் என்ற பாறைத்தொடர் உண்டு. சிங்களத்தில் மகா ராவணா கோட்டுவ என்பார்கள். 'பாஸஸ்' என்பது ஆழமற்ற இடத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. 1873இல் வெளிச்சவீடு கட்டும்வரை அந்தப் பாறைகள் எத்தனையோ கப்பல்களை உடைத்தன.

1961 மார்ச்சில் மைக் வில்சன் என்பவர் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே படம் பிடிக்கச் சுழியோடினார். கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். புதையல் தேடிப் போகவில்லை. ஆனால் பாறைகளுக்கிடையில் பித்தளைப் பீரங்கிகளும், கொத்துக் கொத்தாக ஒட்டிப்போன வெள்ளிக் காசுகளும் கிடந்தன. சாக்கு எப்போதோ உக்கிப்போய்விட்டது. காசுகள் மட்டும் சாக்கின் வடிவத்திலேயே இறுகியிருந்தன. ஒரு கட்டியில் ஏறத்தாழ ஆயிரம் காசு. ஒரு முகலாய ரூபாய் சுமார் பதினொன்றரை கிராம் என்றால் ஒரு மூட்டை பதினொன்றரை கிலோ. பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு இது.

அவை ஔரங்கசீப் ஆலம்கீரின் ரூபாய்கள். பாரசீக எழுத்தில் பாதுஷாவின் பெயர், சூரத் என்ற அச்சுச்சாலையின் பெயர், ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு. அதாவது 1701 - 1702. முந்திய பாதுஷாக்களின் காசுகளில் கலிமா இருந்தது. கண்டவர் கைக்கும் காலுக்கும் அது போகக்கூடாதென்று ஔரங்கசீப் எடுத்துவிட்டார். கடலடியில் போய்க் கிடக்குமென்று அவர் நினைத்திருக்கமாட்டார்!

இப்போது யோசியுங்கள். அந்தக் காசுகளில் ஒன்று மட்டும் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் இருந்திருந்தால் என்ன சொல்லும்? பழைய வெள்ளி, அவ்வளவுதான். ஒரே ஊர், ஒரே ஆண்டு, மூட்டை மூட்டையாக, பக்கத்தில் பீரங்கி என்று கிடந்ததால்தான், கைமாறாத புதுக் காசை ஏற்றிவந்த ஒரு வணிகக் கப்பல் ஏறத்தாழ அந்த ஆண்டிலேயே உடைந்தது என்று சொல்ல முடிகிறது. கப்பலின் பெயர் இன்றுவரை தெரியவராதது. 1963இல் பீட்டர் த்ரொக்மோர்டன் என்ற கடலடித் தொல்லியல் நிபுணரையும் அழைத்துக்கொண்டு திரும்பப் போனார்கள். கிளார்க் 1964இல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார்.

மெஷினைப் பற்றியும் சொல்லவேண்டும். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட, டெலிபோன் கண்டுபிடித்த கிரஹம் பெல் இப்படியொரு கருவி செய்தார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையிலிருந்த உலோகக் கம்பிகள் குழப்பியிருக்கலாம் என்பார்கள். கடலிலும் இதே பாடுதான். உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதால், ஏரிக்குச் சரியான சாதாரண மெஷின் கடலில் வீணாகக் கத்தும். கத்தாதபோது கிடைப்பது பெரும்பாலும் சோடா மூடியும் ஆணியும்.

எப்போதாவது பழையது ஒன்று அகப்பட்டால்? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய, இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். ஸ்கேன் மெஷினோடு பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டேதான் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளையின் படம் அதில் வரவேண்டாம்.

சட்டத்தை விட நமக்கு வேறொரு கவலையும் உண்டு. "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று நம்மைக் கேட்கிறார்கள். நாம் இப்னு பதூதாவைக் காட்டுகிறோம். 1344இல் இங்கு வந்தவர், கொழும்பைப் பற்றியும் எழுதியவர். ஆனால் புத்தகம் மட்டும் போதாது. நம் மூத்தவாப்பாமார் வந்த கடலின் அடியில் கிடக்கும் சாட்சியங்களை நாமே இடம் மாற்றிவிட்டால் நாளை எதைக் காட்டுவது?

முறையாகச் செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்குக் காலித் துறைமுகமே உதாரணம். 1659இல் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்த அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பல் நங்கூரம் நழுவிக் கரைதட்டியது. கரைக்கு மிக அருகில், நாலைந்து மீட்டர் ஆழம்தான். 1993இல் கண்டறிந்து, 2001இலிருந்து நம் நாட்டுச் சுழியோடிகளே அளந்து, வரைந்து, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 2004 சுனாமி அவர்களுடைய ஆய்வுகூடத்தையே அடித்துக்கொண்டு போனது. பிறகும் விடாமல் தொடர்ந்தார்கள்.

விடுமுறைக்குக் காலிக்குப் போகிறவர்கள் கோட்டைக்குள் இருக்கும் கடல்சார் தொல்பொருள் நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கடற்கரையில் பழையதாக ஏதும் கண்ணில் பட்டால் கைவைக்காமல் இடத்தோடு போட்டோ எடுத்து, பக்கத்துப் பொலிஸுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். பழைய காசுகளைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள்.