உடல் தோற்றத்தை அடிக்கடி சோதித்துப் பார்க்கும் பழக்கமும் உண்ணுதல் கோளாறுகளும்

கண்ணாடி பார்ப்பதும் எப்போதாவது எடை பார்ப்பதும் இயல்பானவை. ஆனால், ஒரே நாளில் பலமுறை எடை பார்த்தல், வயிற்றையோ தொடையையோ திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தல், "நான் குண்டாகத் தெரிகிறேனா?" என்று ஓயாமல் கேட்டல் ஆகியவை உண்ணுதல் கோளாற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். இது வீண் அலங்கார ஆசை அன்று. ஆண், பெண் இருபாலருக்கும், எந்த எடையில் உள்ளவர்களுக்கும் இது ஏற்படலாம்.

உடலைப் பார்ப்பதையே தவிர்ப்பதும் இதன் மறுபக்கமே. பருவகாலத்தில் குடும்பத்துடன் குற்றாலம் சென்றும், நனைந்த உடையில் உடல் தெரியும் என்று அஞ்சி, அருவியில் குளிக்காமல் ஒதுங்கி நிற்பதை உதாரணமாகக் கூறலாம். இது மட்டுமே நோயாகாது. உணவைக் குறைப்பதும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும்.

பழக்கம் எவ்வாறு வலுக்கிறது?

சோதித்துப் பார்த்தவுடன் சிறிது நிம்மதி கிடைக்கும். விரைவிலேயே ஐயம் திரும்பும். பிடிக்காத உறுப்பை மட்டும் உற்றுப் பார்க்கப் பார்க்க அது பெரிதாகத் தோன்றும். எடையோ நீர், உப்பு, மலம் ஆகியவற்றால் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும். இதைக் கொழுப்பு என்று தவறாகக் கருதி உணவைக் குறைப்பர். பட்டினியால் உடலைப் பற்றிய எண்ணம் மேலும் வலுக்கும்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• விரைவான எடை இழப்பு, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு
• மாதவிடாய் நின்றுபோதல்
• உண்டபின் வலிந்து வாந்தி எடுத்தல் (பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம்)
• உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்

குடும்பத்தினர் கவனத்திற்கு

• "இளைத்துவிட்டாய்", "சதை போட்டுவிட்டாய்" போன்ற பேச்சுகளைத் தவிர்க்கவும்.
• "குண்டாக இருக்கிறேனா?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் கூறுவது பழக்கத்தை வளர்க்கும். "உனக்குக் கவலையாக இருக்கிறது, வா, சேர்ந்து சாப்பிடுவோம்" என்று கனிவுடன் கூறவும்.
• பல நாட்கள் உண்ணாதவருக்குத் திடீரென மிகுதியாக உணவளிப்பது ஆபத்தானது. மருத்துவரின் மேற்பார்வை அவசியம்.

சிகிச்சையும் உதவியும்

இக்கோளாறுகள் சிகிச்சையால் குணமாகக் கூடியவை. எப்போது, எந்த மனநிலையில் சோதித்துப் பார்க்கிறோம் என்பதைக் குறித்து வைத்து, படிப்படியாகக் குறைக்கும் பயிற்சி மனநல ஆலோசனையில் அளிக்கப்படுகிறது. வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தினரின் பங்கேற்பு முக்கியம்.

தென்காசி மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையை அணுகலாம். டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் ஆலோசனை பெறலாம். அவசர நிலையில் 108-ஐ அழைக்கவும்.