கல்லான களிமண்: இப்னு சீனாவும் பாறைகளின் வரலாறும்

நிலவியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்திலிருந்தே தொடங்குகின்றனர். 1785ஆம் ஆண்டு எடின்பரோ அரச கழகத்தில் ஜேம்ஸ் ஹட்டனின் பூமிக் கோட்பாடு முன்வைக்கப்பட்ட நாளே அவர்களுக்குத் தொடக்கப் புள்ளி. இன்னும் சிலர் டென்மார்க்கில் பிறந்த ஸ்டெனோ 1669இல் பாறை அடுக்குகளைப் பற்றி எழுதிய நூல்வரை பின்னோக்கிச் செல்வர். அதற்கும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட அரபு நூல்களில் இதே வினாக்கள் எழுப்பப்பட்டு, ஆராயப்பட்டிருப்பதை நம்மில் பலரும் அறியோம். கல் எவ்வாறு உண்டாகிறது? மலை எவ்வாறு உயர்கிறது? உயர்ந்த மலை என்ன ஆகிறது? இவ்வினாக்களுக்கு முஸ்லிம் உலகின் அறிஞர்கள் கண்ட விடைகளையும், அவ்விடைகளுக்கு நேர்ந்த கதியையும் இங்கே காண்போம்.

இன்றைய அறிவியல் பாறைகளை மூவகையாகப் பகுக்கிறது. பூமியின் உள்ளிருக்கும் பாறைக் குழம்பு ஆறி இறுகுவதால் தோன்றுவன தீப்பாறைகள். காற்றும் நீரும் அரித்துச் சென்ற துகள்கள் அடுக்கடுக்காகப் படிந்து கெட்டியாவதாலும், நீரில் கரைந்திருந்த பொருள்கள் பிரிந்து படிவதாலும் தோன்றுவன படிவுப்பாறைகள். இவ்விரண்டும் மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகித் தம் இயல்பு மாறும்போது உருமாறிய பாறைகள் பிறக்கின்றன. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவது இவ்வகையில்தான். ஒரு வகை மற்றொரு வகையாக மாறிக்கொண்டே இருப்பதால் இதனைப் பாறைச் சுழற்சி என்பர்.

இச்சுழற்சியின் ஒரு பாதியை 10ஆம் நூற்றாண்டிலேயே பஸராவின் இக்வானுஸ் ஸஃபா குழுவினர் தம் நிருபங்களில் தெளிவாக வரைந்து காட்டினர். வெயிலாலும் மழையாலும் மலைகள் பிளவுண்டு நொறுங்குகின்றன. வெள்ளம் அவற்றை ஓடைகளுக்கும் ஆறுகளுக்கும் கொண்டு சேர்க்கிறது. ஆறுகள் அவற்றைக் கடலில் கொட்டுகின்றன. கடலடியில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, நெடுங்காலத்தில் இறுகி, மீண்டும் குன்றுகளாகவும் மலைகளாகவும் எழுகின்றன என்பது அவர்களின் விளக்கம். நிலம் கடலாவதும் கடல் நிலமாவதும் மனித வாழ்நாளைக் கொண்டு அளக்க முடியாத கால எல்லையில் நிகழ்வன என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அடுத்த தலைமுறையில் இப்பொருளை முறையான ஆய்வாக எடுத்துக்கொண்டவர் இப்னு சீனா (980–1037). மருத்துவ மேதையாகவே நாம் அவரை அறிவோம். ஆயினும் கிதாபுஷ் ஷிஃபா என்னும் அவரது பெருநூல், தர்க்கம், இயற்கையியல், கணிதம், மெய்ப்பொருளியல் ஆகியவற்றைத் தழுவிய கலைக்களஞ்சியமாகும். அதன் இயற்கையியல் பகுதியில், கனிமங்களையும் வளிமண்டல நிகழ்வுகளையும் பேசும் பிரிவு மலைகளின் தோற்றத்திலிருந்து தொடங்குகிறது.

கற்கள் பொதுவாக இரு வழிகளில் உண்டாகின்றன என்கிறார் இப்னு சீனா. ஒன்று, களிமண் இறுகுதல். பசையுள்ள களிமண் உலர்ந்து, முதலில் மண்ணுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட மென்கல்லாகிப் பின்னர் முழுக் கல்லாகிறது. மற்றொன்று, நீரிலிருந்து உறைதல். சொட்டுச் சொட்டாக விழும் நீர் உறைவதாலும், ஓடும் நீர் தன் படுகையில் விட்டுச்செல்லும் படிவாலும் கல் தோன்றுகிறது. முதல் வழிக்கு அவர் தாமே கண்டதைச் சான்றாக வைக்கிறார். சிறு வயதில் ஜைஹூன் ஆற்றங்கரையில், மக்கள் தலை கழுவப் பயன்படுத்தும் களிமண் படிந்து கிடந்ததை அவர் பார்த்திருந்தார். ஏறத்தாழ 23 ஆண்டுகளுக்குப் பின் அதே மண் மென்கல்லாக மாறியிருப்பதைக் கண்டார். இன்று ஆமு தர்யா என வழங்கும் ஆற்றின் கரையில் ஒரு சிறுவன் கண்ட காட்சி, பெரும் தத்துவ நூலில் அறிவியல் சான்றாக இடம்பெற்றிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். அரிஸ்டாட்டிலின் நூல்களில் தோய்ந்த அறிஞர்தான் அவர். எனினும் இங்கே தம் கண்ணையே முதற்சாட்சியாகக் கொண்டார்.

மலைகளுக்கும் அவர் இரு காரணங்கள் கூறுகிறார். கடும் நிலநடுக்கத்தால் தரை உயர்த்தப்படுவது ஒன்று. காற்றும் வெள்ளமும் மென்மையான பகுதிகளை அரித்துச் செல்ல, கடினமான பகுதிகள் உயர்ந்து நிற்பது மற்றொன்று. சில மலைகள் அடுக்கடுக்காகக் காணப்படுவதால், அவற்றின் மூலப்பொருளான மண்ணும் ஒரு காலத்தில் அடுக்குகளாகவே படிந்திருக்க வேண்டும் என அவர் ஊகித்தார். கற்களை உடைக்கும்போது சிப்பி முதலிய நீர்வாழ் உயிர்களின் உறுப்புகள் தென்படுவதை, அந்நிலம் முன்பு கடலின் கீழ் இருந்ததற்கு அடையாளமாகக் கொண்டார். இவையனைத்தும் மிக நீண்ட காலத்தில் நிகழ்ந்தவை என்பதையும் அவர் வலியுறுத்தத் தவறவில்லை.

அவர் காலத்தவரும், அவரோடு அரிஸ்டாட்டிலின் கருத்துகள் குறித்து வினா விடை நடத்தியவருமான அல்பிரூனி, வேறொரு நிலத்தில் இதே உண்மையை நெருங்கினார். 1030 அளவில் எழுதிய இந்தியா பற்றிய நூலில், இந்நாட்டின் சமவெளியைத் தோண்டும்போது கிடைக்கும் கற்களை அவர் ஆராய்கிறார். மலைகளுக்கு அருகில், ஆறுகள் வேகமாகப் பாயும் இடங்களில், உருண்ட பெருங்கற்கள்; தொலைவு கூடக் கூடச் சிறுகற்கள்; முகத்துவாரத்தை அண்டிய இடங்களில் வெறும் மணல். இந்த ஒழுங்கைக் கொண்டே, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் நிரம்பிய பழைய கடலே இச்சமவெளி என்று அவர் முடிவு செய்தார். அரபுப் பாலைவனமும் ஒரு காலத்தில் கடலாக இருந்ததென்று, கிணறு தோண்டுகையில் வெளிப்படும் சிப்பிகள் பொதிந்த கற்களைச் சான்று காட்டி வேறொரு நூலில் அவர் எழுதியுள்ளார்.

இனி, இப்னு சீனாவின் எழுத்துக்கு நேர்ந்ததைக் காண்போம். 1200ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரான ஆல்பிரட் என்னும் மொழிபெயர்ப்பாளர், ஷிஃபாவின் கல், மலை, கனிமம் பற்றிய பகுதிகளை லத்தீனில் ஆக்கினார். அது அரிஸ்டாட்டிலின் வளிமண்டலவியல் நூலின் நான்காம் பாகத்தை அடுத்து இணைக்கப்பட்டது. நாளடைவில் பலர் அதனை அரிஸ்டாட்டிலின் எழுத்தாகவே எண்ணிப் படித்தனர். உலோகங்களின் இனத்தை மாற்றுவது மனிதர்க்கு இயலாது என்று இப்னு சீனா எழுதிய பகுதியும் இதில் அடக்கம். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்க முயன்ற ஐரோப்பிய இரசவாதிகள், தங்களை மறுப்பவர் அரிஸ்டாட்டிலே என நம்பி அதற்கு விடை தேட வேண்டியதாயிற்று. 1927இல் ஹோம்யார்டும் மாண்டவிலும் அரபு மூலத்தையும் லத்தீன் பெயர்ப்பையும் ஒருசேரப் பதிப்பித்தபோது, அதன் உரிமையாளர் யார் என்பது எவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் நிறுவப்பட்டது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் அளவு கடந்துவிடலாகாது. எல்லாவற்றையும் நம்மவரே முன்பே கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவது அவ்வறிஞர்களுக்குப் பெருமை சேர்ப்பதன்று. பூமியின் வயிற்றில் அடைபட்ட காற்றே நிலநடுக்கத்துக்குக் காரணம் என்ற கிரேக்கக் கருத்திலிருந்து இப்னு சீனா விடுபடவில்லை. உயிரினங்கள் கல்லாவதற்குச் சில இடங்களில் உறையும் கல்லாக்கும் ஆற்றலே காரணம் என்றார். நிலத்தடி நீரில் கரைந்துள்ள கனிமங்களே அவ்வேலையைச் செய்வதை இன்று அறிகிறோம். கங்கைச் சமவெளியை நிரப்பியது ஆற்று வண்டலே என்பதில் அல்பிரூனி சரியாகவே கண்டார். ஆனால் அவ்வண்டல் பெரிதும் நிரப்பியது, இமயம் எழுந்தபோது அதன் முன்னே தாழ்ந்துபோன பெரும்பள்ளத்தையே. தீப்பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் உரிய விளக்கம் ஹட்டனுக்கும் அவர் வழிவந்தோருக்கும் உரியது. இவற்றை ஒப்புக்கொள்வதால் நம் முன்னோரின் தகுதி குறைந்துவிடாது. தாம் கண்டதிலிருந்து காணாததை ஊகித்த அவர்களின் முறையே நாம் போற்றத்தக்கது.

திருக்குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயம், மலைகளில் காணும் வெண்மையும் செம்மையும் கருமையுமான பாதைகளைச் சுட்டிக்காட்டிவிட்டு, அதற்கடுத்த வசனத்திலேயே அறிவுடையோரின் இறையச்சத்தைப் பேசுகிறது. மலையின் நிறக்கோடுகளை உற்று நோக்குவதும் ஒரு வணக்கமே என்று நாம் கருதுவதற்கு இவ்வரிசையே போதுமானது. நம் அரபுக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் அரபு மொழியில் தேர்ச்சி பெற்று வெளிவரும் இளைஞர்கள் பலர். ஷிஃபாவின் அச்சிட்ட மூலமும் இன்று எட்டும் தொலைவில் உள்ளது. அதில் கல்லையும் மலையையும் பேசும் சில பக்கங்களையேனும், ஆங்கிலத்தின் வழியாக அன்றி, நேரே அரபிலிருந்து தமிழில் தர அவர்களால் இயலும். பிறர் பெயரில் பல நூற்றாண்டுகள் உலவிய எழுத்தை நம் மொழியில் அதன் ஆசிரியர் பெயரோடு படிக்கச் செய்வது, நாம் ஆற்றக்கூடிய எளிய கடமை.