செப்பேட்டில் பிறந்த நிலம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, பழைய அச்சுப்படங்கள் விற்கும் ஒருவரிடம் நாம் ஒரு தாளை வாங்கினோம். தென்னிந்தியத் தீபகற்பத்தைக் காட்டும் பிரெஞ்சு நிலப்படம் அது. ஆண்டு 1752. ஆக்கியவர் ழாக் நிக்கோலா பெல்லின். ஓராண்டில் நூல்களுக்கென ஒதுக்கிவைக்கும் தொகை முழுவதும் அந்த ஒற்றைத் தாளுக்கே போயிற்று. ஆயினும், சோழமண்டலக் கரையோரம் நாம் அறிந்த ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வரிசையாக இறங்கிச் செல்வதைக் கண்டபோது விலை மறந்துபோயிற்று. அன்றிரவு அத்தாளின் இடது ஓரத்தை நாம் கவனிக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

நிலத்தைச் செம்பில் எழுதுவது நமக்குப் புதிதன்று. திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் கொடைநிலத்தின் நான்கு எல்லைகளும் சொற்களால் குறிக்கப்பட்டுள்ளன. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த 'பிடிசூழ்தல்' சடங்கையும் சோழர் செப்பேடுகள் பேசுகின்றன. அங்கே செம்பே ஆவணம். எழுத்தைத் தகட்டிலேயே படிக்கிறோம். ஐரோப்பிய நிலப்படக்காரர்களுக்கோ செம்பு ஆவணமன்று, ஆவணத்தை ஈனும் தாய். எனவே அதில் எல்லாமே இடவலம் மாறிச் செதுக்கப்பட்டன. கிழக்குக் கரையைத் தகட்டின் இடப்பக்கத்தில் வெட்டினால்தான் தாளில் அது வலப்பக்கம் விழும். ஊர்ப்பெயர்களையும் தலைகீழ்ப் பிம்பமாகவே எழுதியாக வேண்டும்.

மரக்கட்டை அச்சில் மேடான பகுதி மையை ஏந்தும். செப்புத்தகட்டில் பள்ளம் ஏந்தும். செதுக்குளியால் கீறிய கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை விரித்து, உருளைகளுக்கிடையே அழுத்தி இழுப்பார்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பு தாளைச் சுற்றிலும் ஒரு சட்டம்போல் அமுங்கிய தடத்தைப் பதிக்கும். பழம்படம் ஒன்றைக் கையிலெடுக்கும் சேகரிப்பாளர் முதலில் விரலால் தேடுவது அத்தடத்தைத்தான்.

செப்புத்தகட்டுப் படங்களோடு வெளிவந்த முதல் நிலப்படத் தொகுதி 1477இல் போலோஞாவில் அச்சான தாலமியின் 'புவியியல்' நூலாகும். கபேரிஸ் என்ற பெயரில் காவிரிப்பூம்பட்டினத்தைக் குறித்துச் சென்ற அதே தாலமிதான். 1570இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஓர்டேலியஸ் 53 தாள்கள் கொண்ட தம் தொகுதியை வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க். பிளாவ் குடும்பத்தின் பெருந்தொகுதி 1662இல் லத்தீனில் 11 பாகங்களாக வந்தது. பத்தே ஆண்டுகளில், 1672இல், அவர்களின் ஆம்ஸ்டர்டாம் அச்சகத்தைத் தீ அழித்தது.

தகடுகள் சொத்து. மெர்கேட்டரின் தகடுகளை ஹோண்டியஸ் 1604இல் விலைக்கு வாங்கி, புதிய படங்களைச் சேர்த்துப் பதிப்பித்தார். பிழை தெரியவந்தால் தகட்டைப் பின்புறமிருந்து தட்டி, முன்புறம் தேய்த்து மழுக்கி, மீண்டும் செதுக்குவார்கள். ஆகவே ஒரே படம் பல நிலைகளில் கிடைக்கிறது. எது முந்தியது என்று காண்பதே சேகரிப்பின் சுவை. ஓர்டேலியஸ் படங்களின் பின்புறத்தில் அச்சான விளக்கவுரையின் மொழியும் வரியமைப்பும் எப்பதிப்பைச் சேர்ந்த தாள் என்று காட்டிக்கொடுக்கும். பழைய பச்சை வண்ணத்திலுள்ள செம்பு, காலப்போக்கில் தாளை அரித்துப் பின்புறம் பழுப்பாகத் தெரியும். நேற்றுத் தீட்டிய வண்ணத்தை இனங்காண இதுவும் ஓர் உரைகல்.

வெற்றிடங்களும் பேசும். 1752இலேயே வெளிவந்த தான்வில்லின் இந்தியப் படத்தில், நம்பத்தகுந்த செய்தி கிடைக்காத பரப்புகள் வெறுமையாகவே விடப்பட்டன. இல்லாத மலைகளையும் யானைகளையும் இட்டு நிரப்பிவந்த வழக்கத்துக்கு அது எதிர்க்குரல். தென்னாட்டு ஊர்களை அறிய அக்காலப் பிரெஞ்சு நிலப்படக்காரர்களுக்கு உதவியவர்களுள் இங்கு வாழ்ந்த இயேசு சபைப் பாதிரியார்களும் உண்டு. அவர்கள் அவ்வூர்ப்பெயர்களைக் கேட்டது நம் மக்களின் வாயிலிருந்துதானே!

இனி அந்த இடது ஓரம். பெல்லினின் படம் தனித்தாளாகப் பிறந்ததன்று. அபே பிரெவோ தொகுத்த பயண வரலாற்றுப் பெருநூலுக்காக ஆக்கப்பட்டு, மடித்து உள்ளே தைக்கப்பட்டது. எனவே மடிப்புத் தடங்கள் இருப்பது இயல்பு. ஆனால் ஓரம் தையலிலிருந்து பிரித்ததாக இல்லை. கூரிய அலகொன்று மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் சென்றிருந்தது. பின்புறத்தில் ஒரு மூலையில் நாணய அளவுக்குத் தாள் மெலிந்திருந்தது; ஏதோ சுரண்டப்பட்டிருக்கிறது. நூலக முத்திரையாக இருக்கலாம். விற்றவரைக் கேட்டோம். பலவற்றோடு ஒன்றாக வந்தது என்றார். அதற்குமேல் அவரிடம் விடையில்லை.

2005ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று யேல் பல்கலைக்கழகத்தின் அரிய நூலகத்தில், தரையில் ஒரு கத்தியலகு கிடப்பதை நூலகர் ஒருவர் கண்டார். அதன் வழியே பிடிபட்டவர், பெயர்பெற்ற நிலப்பட வணிகர் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி. யேல், ஹார்வர்ட், நியூயார்க் பொதுநூலகம், லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் உள்ளிட்ட இடங்களிலிருந்து 97 படங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். 2006இல் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரிடம் வாங்கியவர்களும் நம்மைப்போல் படங்களை நேசித்தவர்களே. அந்த நேசம்தான் கத்திக்குக் கூலி கொடுத்தது.

திருட்டு மட்டுமன்று. முழுநூலாக விற்பதைவிடத் தாள்தாளாக விற்றால் ஆதாயம் மிகுதி என்பதால், உரிமையாளர்களே தொகுதிகளைப் பிரித்த வழக்கமும் நெடுநாளாக உண்டு. சட்டப்படி அது குற்றமில்லை. ஆனால் பிரிந்த தாள் எந்த நூலில், எப்பக்கத்தில், எந்த விளக்கவுரைக்கு எதிரே இருந்தது என்ற செய்தி அத்தோடு அழிகிறது. செப்பேட்டுத் தொகுதி ஒன்றின் வளையத்தை அறுத்து ஏடுகளைத் தனித்தனியே விற்றால் நாம் பொறுப்போமா?

படத்தின் இருபுறத்தையும் ஒளிப்படமெடுத்து, வெட்டையும் சுரண்டலையும் அளந்தெழுதி, அக்குறிப்பைத் தாளுடனேயே வைத்திருக்கிறோம். உரியவர் கேட்டால் திருப்பித் தருவதென்று முடிவு. கேட்கும்வரை விற்பதில்லை, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதுமில்லை. அதன்பின் வந்த வழியை எழுத்தில் தராதவரிடம் நாம் எதையும் வாங்கவில்லை. நம் நாட்டில் 75 ஆண்டுகள் கடந்த, வரலாற்று மதிப்புடைய ஆவணங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது என்பதையும் சேகரிப்பாளர் நினைவில் கொள்ளவேண்டும்.

பார்த்து மகிழ்வதற்கு இன்று வேறு வழியும் உண்டு. டேவிட் ரம்சே என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் தம் நிலப்படங்களை எவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையத்தில் வைத்தார். அவர் பெயரிலான நிலப்பட மையம் 2016இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்டது. ஒரு செதுக்குக்கோட்டின் நுனியைக்கூட அங்கே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஆயினும் சில இரவுகளில் அத்தாளை வெளியே எடுக்கிறோம். அமுங்கிய தடத்தில் விரல் ஓடுகிறது. இடது ஓரம் வந்ததும் நின்றுவிடுகிறது. எங்கோ ஒரு நூலகத்தில் பிரெவோவின் நூலைப் புரட்டும் மாணவர் ஒருவர், கத்தரித்த தாளின் அடித்துண்டைக் கண்டு இதேபோல் நின்றிருக்கக்கூடும்.