மனை எடுத்தலும் நீர் போக்கலும்: செப்பேட்டு வியவத்தைகள் பற்றிய ஓர் ஆய்வு

ஒருவன் தன் மனையில் வீடெடுக்கவும், கிணறு தோண்டவும், கழிநீரை வெளியே போக்கவும் எவருடைய இசைவைப் பெறல் வேண்டும்? இந்நாளில் இவ்வினாவிற்கு நகராட்சியும் ஊராட்சியும் விடை கூறும். தமிழகத்தின் பண்டை ஆவணங்கள் கூறும் விடை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செப்பேடுகளை ஆராய்ந்தோர் நிலக்கொடையையும் வரியையும் விரிவாக எழுதியுள்ளனர். மனைக்கும் நீருக்கும் உரிய தொடர்களையோ அவர்கள் கொடை பெற்றோர்க்கு வாய்த்த சிறப்புகள் என்னும் அளவில் சுட்டிச் சென்றனர். அத்தொடர்களின் வினைமுடிபுகளை உற்று நோக்குவார்க்கு அவற்றுள் ஒரு கட்டட விதியே மறைந்து கிடத்தல் புலனாகும் என்பது எம் கருத்து.

1. இலக்கியம் காட்டும் சுருங்கை

கழிநீர் போக்கும் அமைப்புத் தமிழர்க்குப் புதியதன்று. நிலத்தின் கீழ் மறைவாகச் செல்லும் நீர்வழியைச் 'சுருங்கை' என்னும் சொல்லால் நம் முன்னோர் வழங்கினர். பரிபாடலின் 20ஆம் பாடல், மதுரை மதிலின் சுருங்கை வழியே பாய்ந்து வெளிப்படும் நீருக்குக் களிற்றின் கையினின்று பீறிடும் நீரை உவமை கூறுகின்றது. மணிமேகலையின் 28ஆம் காதை, மகளிர் நீராடிய கலவை நீர் சுருங்கைத் தூம்பின் வழியே மனைகளினின்று அகழியைச் சென்று சேர்ந்ததெனப் பாடுகின்றது. சிலப்பதிகாரத்தில் இச்சொல் யானைகள் செல்லும் மறைவழியையும் குறிக்கின்றது. ஆதலின் சுருங்கை என்பது சிறு குழாய் முதல் பெருவழி வரை விரிந்த பொருளுடையது என்க.

1945இல் அரிக்கமேட்டிலும், 2015 முதல் கீழடியிலும் நிகழ்ந்த அகழாய்வுகள் இதற்கு வலிவூட்டின. அங்கு வெளிப்பட்ட செங்கற் கட்டடங்களும், நீர்வழிகளும், உறைகிணறுகளும் புலவர் கூற்று வெறும் கற்பனையன்று எனக் காட்டுகின்றன. ஆயினும் இச்சான்றுகள் பொருளைக் காட்டுவன; விதியைக் காட்டுவன அல்ல. தூம்பு இருந்தது என்பதை அறிகின்றோம்; அதனை எங்கே அமைக்கலாம், எங்கே அமைத்தல் ஆகாது என வரையறுத்தவர் யார் என்பதை இவற்றால் அறிதற்கில்லை.

2. அருத்தசாத்திரத்தின் பொதுவிதி

விதி எனத் தக்கதொரு பண்டைப் பகுதியை ஒப்புமைக்காக ஈண்டு நோக்குதல் தகும். 1909இல் சாமசாத்திரியார் அச்சிட்டு வெளியிட்ட கௌடலியரின் அருத்தசாத்திரம், மூன்றாம் அதிகரணத்தின் எட்டாம் இயலில் வீட்டு வழக்குகளைக் கூறுகின்றது. வீட்டு நீர் வெளியேறும் கால் போதிய சரிவுடையதாக இருத்தல் வேண்டும். அஃது அண்டை மனையினின்று மூன்று பதமோ ஒன்றரை அரத்தினியோ விலகி அமைதல் வேண்டும். இதனை மீறியவன் 54 பணம் தண்டம் இறுத்தல் வேண்டும். பிள்ளைப் பேற்றிற்கெனப் பத்து நாளைக்கு எடுக்கும் குடிலுக்கு மட்டும் விலக்குண்டு. அண்டை அயலார் தம்முள் ஒத்து இசைந்தால் தாம் விரும்பியவாறு கட்டிக்கொள்ளலாம் என்பதும் அங்குக் கூறப்படுகின்றது. இரண்டாம் அதிகரணமோ, தெருவில் அழுக்கை எறிந்தார்க்குக் காற்பணத்திற் பாதியும், சேறும் நீரும் தேங்கச் செய்தார்க்குக் காற்பணமும், அரசவீதியாயின் அவற்றின் இருமடங்கும் தண்டமாக விதிக்கின்றது.

இந்நூலின் விதிகள் தமிழகத்தில் நடைமுறையில் இருந்தன எனக் கொள்ளுதற்குச் சான்றில்லை. யாமும் அவ்வாறு கொள்ளவில்லை. இவ்விதிகளின் அமைப்பு ஒன்றே ஈண்டு வேண்டப்படுவது. இவை வீடுடையார் அனைவரையும் நோக்கியவை. கட்டும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்பதை முதற்கண் ஏற்றுக்கொண்டு, பிறர்க்கு ஊறு நேராவண்ணம் அதன் எல்லையை வரையறுப்பவை.

3. செப்பேட்டின் இருவகை வினைகள்

இனிச் சோழர் செப்பேடுகளுக்கு வருவோம். முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டிற்குரிய திருவாலங்காட்டுச் செப்பேடு, கொடையூருக்குரிய நிலைகளைப் பரிகாரம் என்றும் வியவத்தை என்றும் இருகூறாக வகுத்துரைக்கின்றது. பரிகாரம் என்பது வரிநீக்கம். நீர்க்கூலி முதலிய பல இறைகள் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. வியவத்தை என்பது ஊரில் நடைபெறற்குரிய ஒழுங்கு. எம் ஆய்வுக்குரியது பின்னதே.

வியவத்தையில் மனையும் நீரும் அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுக்கலாம், துரவும் கிணறும் தோண்டலாம், தெங்கும் தமனகமும் மருவும் பிறவும் நடலாம், பெருஞ்செக்கு இடலாம். நீருக்கு வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சலாம். அயலூர்களை ஊடறுத்து வரும் வாய்க்கால் தடையின்றிப் பாயலாம். ஆயின், அவ்வாய்க்காலினின்று பிறர் கிளை வெட்டுதலும், குற்றேற்றம் வைத்தலும், கூடையால் நீர் இறைத்தலும் கூடா. பிற்காலப் பல்லவர் செப்பேடுகள் சிலவற்றிலேயே இவ்வாய்பாட்டின் முன்வடிவம் காணப்படுகின்றது.

இத்தொடர்களின் முடிபுகளை ஊன்றி நோக்குக. மனையும் கிணறும் பற்றியவை 'பெறுவதாகவும்' என உடன்பாட்டில் முடிகின்றன. வாய்க்காலில் பிறர் செய்வன பற்றியவை 'பெறாததாகவும்' என எதிர்மறையில் முடிகின்றன. எதிர்மறை, விலக்கு என்பதில் ஐயமில்லை. ஊறு செய்வான் யாவனாயினும் அவனைத் தடுத்தலின் இஃது அருத்தசாத்திர விதியோடு ஓரினமாம். உடன்பாடோ ஆராய்தற்குரியது. எல்லார்க்கும் இயல்பாக உள்ள ஒன்றனை அரசன் கொடையாக வழங்கவேண்டுவதில்லை. செங்கல்லால் மாளிகை எடுக்கலாம் என ஓர் ஊர்க்கு ஆணை பிறந்ததெனின், அவ்வாணை பெறாத ஊரில் அஃது இயலாதிருந்தது என்பது அருத்தாபத்தியாற் பெறப்படும்.

4. ஒரு தடையும் அதற்கு விடையும்

இவை காலந்தோறும் எழுத்தர் வழிவழி எழுதிவந்த வாய்பாடுகளே. இவற்றிலிருந்து நடைமுறையை ஊகித்தல் பொருந்தாது எனச் சிலர் தடை எழுப்பலாம். தடை வலிவுடையதே. செப்பேடுகளை மட்டுமே சான்றாகக் கொண்டால் எம் கருத்து ஐயத்திற்கு இடமாகவே நிற்கும். ஆயின் வாய்பாட்டிற்குப் புறம்பான கல்வெட்டு ஒன்று கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ளது. கோனேரின்மைகொண்டான் என்னும் பெயரால் வெளிவந்த அவ்வாணை வெங்கால நாட்டுக் கண்மாளரை நோக்கியது. பதினைந்தாம் ஆண்டு ஆடித் திங்கள் முதல் அவர்கள் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை முதலியன கொட்டலாம். புறம்போகும்போது செருப்பு அணியலாம். தம் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம் என்பன அதன் உரிமைகள்.

இவ்வாணைக்குத் தொடக்க நாள் உண்டு என்பது ஈண்டு உளங்கொளத்தக்கது. ஒரு நாளினின்று தொடங்கும் உரிமை, அந்நாளுக்கு முன்பு இல்லாத உரிமையன்றோ? கோயிலும் மாளிகையும் எடுத்துச் சாந்து பூசிய தொழில் வல்லார் தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூசுதற்கு அரசாணை வேண்டியிருந்தது. சாந்து அழகிற்கு மட்டும் உரியதன்று. மழைநீர் சுவரினுட் செல்லாது காப்பதும் அதுவே. அதனை மறுத்தல் பெருமையை மறுத்தலோடு அமையாது, மண்சுவரை ஆண்டுதோறும் கார்மழைக்கு இரையாக்குதலுமாம். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்களின் இறையிலி நிலங்களை எண்ணுமிடத்து ஊர்நத்தத்தையும், கம்மாணசேரியையும், பறைச்சேரியையும் தனித்தனியே குறிக்கின்றன. மனை அமையும் இடமே குடிவகையாற் பிரிந்திருந்த நாட்டில், மனை எடுக்கும் முறையும் அவ்வாறே பிரிந்திருந்தது எனக் கொள்ளுதலில் வியப்பில்லை.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, பொதுநீரைப் பொறுத்தவரை சோழர்கால வியவத்தை ஊறு தடுக்கும் விதியாகவே இயங்கியது. உத்தரமேரூர்ச் சபை 919, 921ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையால் ஏரி வாரியம் முதலியவற்றை அமைத்தமையும் நீரொழுங்கைப் பேணுதற்கு நிலையான அமைப்பு இருந்ததைக் காட்டும். மற்றொன்று, மனையைப் பொறுத்தவரை விதி என்பது தகுதியின் அளவுகோலாக இருந்தது. எவ்வாறு கட்டுதல் வேண்டும் என்னும் வினாவினும், யார் கட்டலாம் என்னும் வினாவே அங்கு முற்பட்டு நின்றது.

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் இசைவு பெறுதலை வற்புறுத்தியது; 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதனை வற்புறுத்துவனவே. வடிகாலின் அமைப்பையும் மழைநீர் சேகரிப்பையும் பற்றிய இன்றைய விதிகளைச் சுமையென வெறுப்போர் உளர். அவர்கள் கருவூர்க் கல்வெட்டை ஒருமுறை படித்தல் நலம். இன்று இசைவு கேட்பவனிடம் சுவரின் உயரமும் வடிகாலின் போக்கும் வினவப்படுகின்றன, குடி வினவப்படுவதில்லை. இம்மாற்றம் எளிதில் வந்ததன்று. செப்பேட்டுத் தொடர்களைச் சிறப்புகள் என்று மட்டும் எழுதிச் செல்வோமாயின், அச்சிறப்பு மறுக்கப்பட்டோரின் வரலாறு நம் ஏடுகளினின்று மறைந்தொழியும். 'பெறுவதாகவும்' என்னும் ஒவ்வொரு முடிபின் பின்னும் பெறாதார் எவர் என வினவிப் பொருள் காணுதல் கல்வெட்டு ஆய்வாளர் கடனாகும்.